திறந்து போட்ட ரொட்டிக்கூடம்

நிக்கோனின் ரொட்டித் துண்டில் கரப்பான் பூச்சி கிடந்தது. தனியாக இருந்திருந்தால் நகத்தால் சுண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்றிருப்பான். பசியோடு இருக்கும் டிராக்டர் ஓட்டிக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் அன்று வெட்டுக்காட்டில் நெருப்பைச் சுற்றி மரவெட்டிக் கோஷ்டி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. மேஸ்திரியும் இருந்தார். நிக்கோன் துண்டை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான்.

"ஜெர்மன்காரனைப் பெர்லின் வரைக்கும் துரத்திட்டு வந்தோம். இந்தப் பிரஷ்யாக்காரன் நம்ம ரொட்டிக்குள்ளேயே குடித்தனம் பண்றான் பாருங்கப்பா."

சிவப்புக் கரப்பானுக்கு அந்தப் பக்கத்தில் பிரஷ்யாக்காரன் என்றுதான் பெயர். கோஷ்டி சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. துண்டைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அது கம்பவுண்டரம்மா ரிம்மா பாவ்லொவ்னாவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் கம்பவுண்டரம்மா ரொட்டிக்கூடத்துக்கு வந்தாள். வணக்கம் சொன்னாள், கையுறையைக் கழற்றினாள், மேசைமேல் கிடந்த கத்தியை எடுத்து அடுப்பின் செங்கல் இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். உள்ளேயிருந்து சிவப்பாகச் சிதறி ஓடின. அக்னியா ஈரத்துணியால் இரண்டை அடித்தாள். மற்றவை கூரை உத்தரத்துக்குப் போய்விட்டன. கம்பவுண்டரம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை திரும்பி வருவதாகவும், அன்று ஒரு பூச்சி கண்ணில் பட்டாலும் ரொட்டி வேலை வேறு கைக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

அக்னியாவுக்கு அந்த வேலைதான் வீடும். அடுப்புக்குப் பின்னால் பலகையால் தடுத்த ஒரு சின்ன அறையில் அவள் கட்டில் கிடந்தது. புருஷன் போருக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் காட்டில் கிளை வெட்டப் போனாள். இடுப்பளவு பனியில் நின்று, சாய்ந்த மரத்தின் கிளைகளைக் கோடாலியால் கழிக்கும் வேலை. அது பெண்களுக்கு என்றே ஒதுக்கியது. ஒரு நாள் சரிந்து வந்த மரத்தின் நுனி அவள் முதுகில் இறங்கியது. அதற்கப்புறம் குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. இரக்கப்பட்டு ரொட்டிக்கூடத்தைக் கொடுத்தார்கள். இது போனால் திரும்பக் காடுதான். காட்டுக்குப் போனால் ஒரு குளிர்காலம் தாங்குவாளா என்பது அவளுக்கே சந்தேகம்.

வேலை போகப்போகிற கை எது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உஸ்தீன்யா. நிக்கோனின் பெண்டாட்டி. போன வசந்தத்தில் அக்னியா முதுகுவலியில் படுத்துக் கிடந்தபோது உஸ்தீன்யாதான் ரொட்டி சுட்டாள். கோஷ்டி அந்த ரொட்டியைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருந்தது, மேல்தோல் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு என்று. அக்னியா எழுந்து வந்ததும் உஸ்தீன்யா மறுபடி கிளை வெட்டப் போனாள். போகும்போது அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அக்னியா மறக்கவில்லை.

புருஷன் பூச்சியைக் கண்டுபிடிக்கிறான், பெண்டாட்டி வேலையைப் பிடிக்கிறாள். கணக்கு எவ்வளவு நேராக வருகிறது என்று அக்னியா நினைத்தாள்.

வெண்காரத்தை முட்டை மஞ்சளோடு பிசைந்து உருண்டை உருண்டையாக வைத்துப் பார்த்திருந்தாள். பூச்சிகள் அதைத் தின்றுவிட்டு இன்னும் கொழுத்ததுதான் மிச்சம். மருந்துப்பொடி தூவலாம் என்றால், மாவு இருக்கும் இடத்தில் ஒரு சிட்டிகை கூடப் படக்கூடாது என்று கம்பவுண்டரம்மா சொல்லியிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. நல்ல கடுங்குளிராகப் பார்த்து, அடுப்பை அணைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். குளிர் உள்ளே வந்து குடியேறும். சுவரும் உத்தரமும் செங்கலும் உறையும். பிரஷ்யாக்காரனும் உறைவான். அந்த வாரம் வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினால் தரையில் படும் முன் சடசடக்கிற குளிர். இதைவிட நல்ல குளிர் வராது.

போவதற்குத்தான் இடம் இல்லை. கரப்பான் வீட்டிலிருந்து வருகிறவளை யார் சேர்ப்பார்கள்? அக்னியா கிடங்குக் காவல்காரனிடம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு ஜன்னலின் ஓரத்தில் குளிர் புகாமலிருக்க ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தபோது உஸ்தீன்யாவே வந்து நின்றாள்.

"எங்க போகப் போறே?"

"எங்கேயாவது போவேன்."

"எங்கேயாவதுன்னா பனிக்குள்ளயா? எங்க வீட்டுக்கு வா. மேஸ்திரி சொல்லிட்டாரு, அதுவரைக்கும் ரொட்டி எங்க அடுப்புலதான் வேகணுமாம்."

அக்னியா அவள் முகத்தைப் பார்த்தாள். பெரிய, சிவந்த, எதையும் வெளியே காட்டாத முகம். கேட்காமலே உதவி செய்கிறவர்களை அக்னியா வாழ்க்கையில் அதிகம் கண்டதில்லை. ஆனால் மேஸ்திரி ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றால் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். சரி, பக்கத்திலேயே இருந்தால் இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவாவது முடியும் என்று கிளம்பினாள்.

நிலவறையிலிருந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸ் பீப்பாயையும் நிக்கோன் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனான். பானைகளில் இருந்த தண்ணீரைக் கொட்டினார்கள். ஜன்னல்களைச் சட்டத்தோடு கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். புகைபோக்கியின் தகட்டை அக்னியா இழுத்துத் திறந்துவிட்டாள். கதவு காற்றில் மூடிக்கொள்ளாதபடி ஒரு விறகுக்கட்டையை அடியில் சொருகினாள். ரொட்டிக்கூடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

உஸ்தீன்யாவின் வீட்டுப் படியில் ஒரு சோதனை நடந்தது. எல்லைக் காவல் சோதனை கெட்டது போங்கள். அக்னியாவின் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு துணியாக உஸ்தீன்யா பனியில் உதறினாள். கம்பளி பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். போர்வையை வேலியில் போட்டுத் தடியால் அடித்தாள். தலைத்துண்டைக்கூட அவிழ்த்து உதறச் சொன்னாள். எல்லாம் ஓர் இரவு வெளியிலேயே கிடக்கட்டும் என்று கொட்டகைக் கூரைமேல் போட்டாள். அக்னியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குளிரில் காது சுட்டது.

கடைசியாக மாவுத்தொட்டி வந்தது.

மரப்பட்டிகள் இறுக்கிய உயரமான தொட்டி. ரொட்டிக்கூடத்தின் உயிரே அதில்தான். அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் புளிமாவு கிடக்கும். அதோடு புது மாவைக் கலந்தால்தான் ரொட்டி எழும்பும். அந்தத் தொட்டியை யாரும் கழுவுவதில்லை. கழுவினால் மரத்தில் ஊறிய புளிப்பு போய்விடும், ரொட்டி கல்லாகும். சுரண்டுவதோடு சரி. குளிரும் அதற்கு ஆகாது. அக்னியா அதைத் தன் பழைய பஞ்சுக் கோட்டால் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள். அடுப்பை ஒட்டிய ஆணியிலேயே வருஷக்கணக்காகத் தொங்கிய கோட்டு அது. நன்றாகச் சூடேறியிருந்தது.

உஸ்தீன்யா தொட்டியைப் பார்த்தாள். அக்னியா அவளைப் பார்த்தாள்.

"இதை எப்படி வெளியில வெக்கறது," என்றாள் உஸ்தீன்யா. "சீக்கிரம் உள்ள கொண்டு போ, மாவு குளிர்ந்துடும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அடுப்பின் பக்கத்துப் பலகையில் இரண்டு தொட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, உஸ்தீன்யாவின் வீட்டுத் தொட்டியும் அக்னியாவின் பெரிய தொட்டியும். அக்னியா தன் தொட்டியைத் தொட விடவில்லை. தானே பிசைந்தாள், தானே மூடினாள், கோட்டைத் தானே சுற்றினாள். உஸ்தீன்யா உதவிக்குக் கை நீட்டினால், "இருக்கட்டும், இது என் கைக்குப் பழகினது," என்பாள். ரொட்டி சுட்டெடுக்க நாள் முழுக்க ஆயிற்று. வீட்டு அடுப்பில் ஒரே தடவையில் அத்தனை ரொட்டி கொள்ளாது. ஒருத்தி சொருக, ஒருத்தி எடுக்க, பேச்சு அதிகம் இல்லை. நிக்கோன் மட்டும் காட்டிலிருந்து வந்தால் வாயை மூட மாட்டான். கோஷ்டியில் உஸ்தீன்யாவின் தொட்டி ரொட்டி எது, லூகினிச்னாவின் தொட்டி ரொட்டி எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறார்களாம். லூகினிச்னா என்பது அக்னியாதான், அவள் அப்பன் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவது.

"எப்படிச் சொல்றாங்க?" என்று அக்னியா கேட்டாள்.

"உங்களுதுல கறி இருக்குதாம், லூகினிச்னா."

உஸ்தீன்யா அகப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததை அக்னியா பார்த்துவிட்டாள்.

தினமும் மதியம் அக்னியா ரொட்டிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவாள். உள்ளே போக மாட்டாள், வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பாள். தரையில் பனித்தூள் படிந்து வெளுத்திருக்கும். சுவரில் பூத்த உறைபனி சாய்ந்த வெயிலில் மினுமினுக்கும். செங்கல் அடுப்பில் சூடு கடைசி வரை பதுங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரஷ்யாக்காரர்கள் எல்லாம் அங்கேதான் ஒண்டியிருப்பார்கள். அதற்கும் குளிர் போய்ச் சேர நாள் பிடிக்கும்.

மூன்றாவது தடவை போனபோது வாசல் பனியில் காலடித் தடம் இருந்தது.

அவளுடையது இல்லை. தடம் உள்ளே போயிருந்தது, அடுப்புவரை போயிருந்தது, அங்கே கொஞ்ச நேரம் மிதித்து நின்றிருந்தது, திரும்பி வந்திருந்தது. அக்னியா வலிக்கிற முதுகோடு குனிந்து பார்த்தாள். குறுக்குக் குறுக்காகக் கோடு. கம்பளி பூட்ஸின் அடியில் டிராக்டர் வாரை வெட்டித் தைத்த அச்சு. அந்தக் குடியிருப்பில் அப்படி வார் வைத்துத் தைத்த பூட்ஸ் இரண்டு ஜோடிதான். ஒன்று நிக்கோனுடையது, படகு மாதிரி பெரிது. இது சின்னது, அவன் பெண்டாட்டியுடையது.

அக்னியா அடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். உறைந்து கிடந்தது. யாரும் தீ மூட்டவில்லை. அப்படியென்றால் எதற்கு வந்தாள்? திங்கட்கிழமைக்குள் எதை எங்கே வைப்பது என்று இடம் பார்க்கவா? ரொட்டியில் வைக்கத் தெரிந்தவளுக்கு அடுப்பு இடுக்கில் வைக்கத் தெரியாதா?

திரும்பி வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். உஸ்தீன்யா சூப் ஊற்றினாள். அக்னியா கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குடித்தாள். உஸ்தீன்யா அதைக் கவனித்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணும் மாறியது. அக்னியா அடுப்புப் பக்கம் நகர்ந்தால் அவள் தலை திரும்பும். அக்னியாவின் மூட்டை இடம் மாறி இருந்தது. யாரோ பிரித்துக் கட்டிய மாதிரி முடிச்சும் மாறி இருந்தது. ஒரே அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டு ஒருத்தி மற்றவளைத் திருடியைப் போலப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சனிக்கிழமை. பிற்பகல் பாதியிலேயே இருட்டிவிடுகிற காலம். உஸ்தீன்யா தண்ணீருக்காக ஆற்றில் வெட்டிய பனித்துளைக்குப் போயிருந்தாள். அக்னியா விளக்கேற்றத் தீப்பெட்டி தேடினாள். அடுப்பு மாடத்தில் இல்லை. உஸ்தீன்யாவின் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. பையில் கை விட்டாள். பெட்டி கிடைத்தது. குலுக்கினால் குச்சி சத்தம் கேட்கவில்லை. அடுப்பு வெளிச்சத்தில் திறந்து பார்த்தாள்.

கரப்பான். அடியில் சில செத்துக் கிடந்தன. மேலே இரண்டு மீசையை ஆட்டின.

அவள் பெட்டியை மூடினாள். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரியும்போது வருகிற அந்தக் கெட்ட நிம்மதி. விளக்கேற்றாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியை நடுமேசையில் வைத்துக் காத்திருந்தாள்.

உஸ்தீன்யா வாளிகளோடு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். வாளியை மெதுவாக இறக்கி வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"என் ஏப்ரன்ல உனக்கு என்ன வேலை?"

"இது என்னது?"

"நீயே சொல்லு. உன் ஆளுங்கதானே. அடையாளம் தெரியலையா?"

"திங்கக்கிழமைக்கு வெச்சிருக்கியா? கம்பவுண்டரம்மா வர்றப்போ என் அடுப்புல விடறதுக்கு?"

உஸ்தீன்யா கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். "கம்பவுண்டரம்மாவுக்குத்தான் வெச்சிருக்கேன். உன் அடுப்புல விட இல்லே. என் வீட்டுல புடிச்சதுன்னு காட்ட." அவள் விரலால் பெட்டியைத் தட்டினாள். "இந்த அடுப்பைக் கட்டின நாள்லேர்ந்து இங்க ஒண்ணு கெடையாது. நீ வந்த ரெண்டாம் நாளே மாடத்துல ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. உன் கூடத்துல செத்துச்சா இல்லையான்னு போயிப் பார்த்தேன். அங்க எல்லாம் கருகின மாதிரி கெடக்கு. அப்போ இங்க வந்தது எது வழியா வந்துச்சு? உன் மடியிலதான். எனக்கு அந்த வேலை கெடைச்சுடக் கூடாதுன்னு என் வீட்டையும் நாறடிச்சுட்டுப் போகலாம்னு பார்த்தே."

"வேலை வேணும்னு நெனச்சே, இல்லே?"

"நெனச்சேன். ஏன் நெனைக்கக்கூடாது? உனக்கு ஒரு மரம் முதுகுல விழுந்துச்சு. எனக்கு இன்னும் விழல, அவ்வளவுதான். நானும் அதே பனியிலதான் நிக்கறேன்."

காட்டில் ஒரு நாள் நின்ற எவளாலும் அதை மறுக்க முடியாது. ஆனால் ரொட்டி விஷயத்தை அக்னியாவால் விட முடியவில்லை. நிக்கோனின் துண்டில் பூச்சியை வைத்தது யார் என்று கேட்டே விட்டாள்.

"நானா? என் புருஷன் திங்கற ரொட்டியிலயா? அவனுக்குப் போடணும்னா நேரா சூப்புலயே போட்டிருப்பேனே. மென்னுட்டு, 'ஊஸ்தா, இன்னொரு கரண்டி ஊத்து'ன்னு கேட்டிருப்பான்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் குரல் ஒரு படி இறங்கியது. சரி, மடியில் கொண்டுவந்தேனா, சோதித்துப் பார் என்று அக்னியா எழுந்தாள். மூட்டையைப் படியில் கொட்டினார்கள். பாவாடை மடிப்பு, சட்டைத் தையல், தலையணை ஓரம் எல்லாவற்றையும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அக்னியா வெறும் சட்டையோடு குளிரில் நின்றாள். உஸ்தீன்யா தன் சால்வையைத் தூக்கி அவள்மேல் எறிந்தாள். போர்த்தியும் விடவில்லை, ஆனால் எறிந்தாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் இரண்டு பேரின் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

"அதை உதறினோமா?" என்றாள் உஸ்தீன்யா.

பஞ்சுக் கோட்டைத் தொட்டியிலிருந்து உருவி உஸ்தீன்யா தையலைக் கத்தியால் கீறினாள். பஞ்சு பிதுங்கியது. பஞ்சோடு சேர்ந்து அவையும் பிதுங்கின. அவள் கோட்டை அப்படியே சுருட்டி, கதவைத் திறந்து, வேலியைத் தாண்டிப் பனியில் வீசினாள். அக்னியா விளக்கைத் தொட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோனாள். மேல் பட்டிக்கும் மரத்துக்கும் நடுவில், வருஷக்கணக்காகச் சேர்ந்து காய்ந்த மாவுப் பொருக்கு இருந்தது. எல்லாத் தொட்டியிலும் அப்படித்தான் இருக்கும். கத்தி முனையால் பொருக்கைப் பெயர்த்தாள். அடியில் சிறியதும் பெரியதுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. நல்ல இதமான, புளித்த மணமுள்ள, யாரும் கழுவாத வீடு அது.

தொட்டியைத் தள்ளிவிட்டு மாவிலிருந்து மட்டும் ஓர் உருண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்னியா கையை உள்ளே விட்டாள். தன் கைக்கு நன்கு பழகிய மாவு. விரலில் ஏதோ நெருடியது. வெளியே எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். முட்டைக்கூடு, பழுப்பாக, அவரை விதை மாதிரி. இன்னொரு தடவை விட்டாள். காலில்லாத உடல் ஒன்று வந்தது.

நிக்கோனின் துண்டில் கிடந்ததை எந்தக் கை பிசைந்து உள்ளே அனுப்பியது என்று இனிமேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவள் யாரையும் தொட விடாத தொட்டி அது.

"தூக்கு ஒரு பக்கம்," என்றாள் அக்னியா.

"மாவு செத்துப் போகும்."

"தூக்குன்னேன்."

இரண்டு பேருமாகத் தூக்கிப் போய்க் கொட்டகைக்குப் பின்னால் பனியில் வைத்தார்கள். மாவிலிருந்து சிறிது நேரம் ஆவி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

புதிதாக மாவு புளிக்க வைத்தால் நாலைந்து நாள் ஆகும். அதுவும் முதல் ரொட்டிகள் பன்றிக்குத்தான் ஆகும். திங்கட்கிழமை கம்பவுண்டரம்மா பூச்சியை மட்டும் பார்க்கப் போவதில்லை. அடுப்பிலிருந்து ரொட்டி வருகிறதா என்று மேஸ்திரியும் கூட வருவார். பலகையில் உஸ்தீன்யாவின் சின்னத் தொட்டி மட்டும் தனியாக நின்றது. அதன் விளிம்பையும் பட்டியையும் உஸ்தீன்யா விளக்கு வைத்துத் துருவினாள். பொருக்கைச் சுரண்டி நெருப்பில் போட்டாள். சுத்தம். அவள் நல்ல வேலைக்காரி, தினமும் சுரண்டுவாள்.

அக்னியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. வீட்டுப் புளிமாவை யாரும் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அந்த வீட்டு ரொட்டி அதோடு போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அதிலும் சூரியன் இறங்கிய பிறகு வாய்விட்டுக் கேட்பதே பாவம். அக்னியா தன் வாழ்நாளில் கொடுத்ததில்லை. கேட்டு வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. உஸ்தீன்யா தன் தொட்டியை மூடி, மேலே தன் கம்பளித் துண்டைப் போட்டாள். தீப்பெட்டியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், வேலை தானாக அவள் கைக்கு வரும். அதை அவள் அறியாமல் இருக்க மாட்டாள் என்று படுக்கும்போது அக்னியா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்னியா தனியாக ரொட்டிக்கூடத்துக்குப் போனாள். ஜன்னல் சட்டங்களை மாட்டினாள். கதவடியில் சொருகிய கட்டையை உருவினாள். அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விறகு வைத்தாள். எடுத்த எடுப்பில் சூடேற்றினால் செங்கல் வெடித்துவிடும். வாத்து இறகால் பெருக்கினாள். இடுக்கிலிருந்தும் உத்தரத்திலிருந்தும் காய்ந்த உமி மாதிரி கொட்டின. முறத்தில் அள்ளி நெருப்பில் போட்டாள். சடசடத்தன. வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. ரொட்டிதான் வராது.

சுவரிலிருந்து உறைபனி உருகி வழிய ஆரம்பித்த நேரத்தில் வெளியே சறுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. நிக்கோன் இழுத்து வந்தான். வண்டியில் சால்வை சுற்றிய சின்னத் தொட்டி. பின்னால் உஸ்தீன்யா, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"எங்க மாவு வெளியாள் கையில போகாது," என்றாள். "அதான் நானே கொண்டு வந்தேன். அது இருக்கற இடத்துல நானும் இருப்பேன்."

அக்னியா வாசலை விட்டு நகரவில்லை. இது உதவியா, உள்ளே நுழைகிற வழியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை இரண்டும்தானோ என்னவோ. வேறு வழியும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளால் முடிந்தது.

"சால்வையை உதறு," என்றாள்.

நிக்கோன் வாயைப் பொத்திக்கொண்டான். உஸ்தீன்யாவின் முகம் இன்னும் சிவந்தது. சால்வையை உருவி உதறினாள். கோட்டைக் கழற்றி உதறினாள். தொட்டியின் விளிம்பை அக்னியா சுற்றிச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ராணுவத்துல வேலை வாங்கித் தரேன்," என்று சொல்லிவிட்டு நிக்கோன் போனான்.

அன்று இரண்டு பேரும் ஒரே தொட்டியில் பிசைந்தார்கள். சின்னத் தொட்டியின் மாவைப் பெருக்கிப் பெருக்கி, கொதிநீர் ஊற்றிக் கழுவிய பீப்பாய் ஒன்றுக்கு மாற்றினார்கள். கழுவும்போது உஸ்தீன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது ஆகாத காரியம். அக்னியா குனிய முடியாத இடத்தில் அவள் குனிந்தாள். சூடு பார்க்க வேண்டிய இடத்தில் அக்னியா கை வைத்தாள். உஸ்தீன்யாவின் ஏப்ரன் பை புடைத்திருந்தது. வேலைக்கு நடுவே அக்னியாவின் கண் அடிக்கடி அங்கே போய் வந்தது.

திங்கட்கிழமை கம்பவுண்டரம்மா வந்தபோது முதல் சுற்று ரொட்டி அடுப்புக்குள் இருந்தது. மேஸ்திரி வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தி மோந்தார். கம்பவுண்டரம்மா கத்தியை எடுத்து அதே இடுக்கில் நெம்பினாள். தூசி விழுந்தது. இன்னொரு இடுக்கு. உத்தரம். அறையில் அக்னியாவின் கட்டில். கடைசியாக அடுப்புக்குக் கீழே இருந்த பொந்தில் எட்டிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது.

"யாரு கிட்டயாவது தீக்குச்சி இருக்கா?"

உஸ்தீன்யாவின் கை ஏப்ரன் பைக்குள் போனது.

அந்தக் கை பையில் ஏதோ தேடியது, ஒன்றை எடுத்தது, திரும்பப் போட்டது, வேறு ஒன்றை எடுத்தது. உஸ்தீன்யா பெட்டியை நீட்டினாள். கம்பவுண்டரம்மா வாங்கித் திறந்து, ஒரு குச்சியைக் கிழித்துப் பொந்துக்குள் காட்டினாள்.

பொந்தில் வாத்து இறகு ஒன்றுதான் கிடந்தது.

மாவு யாருடையது என்று கம்பவுண்டரம்மா கேட்டாள். தொட்டி வேறாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். பொய் சொல்லலாமா என்று அக்னியா ஒரு நொடி யோசித்துவிட்டு, உஸ்தீன்யாவுடையது என்று உண்மையைச் சொன்னாள். அப்படியானால் சுடுவது யார் என்று மேஸ்திரி வாசலிலிருந்து கேட்டார். அந்த நிமிஷத்தில் உஸ்தீன்யா வாயைத் திறந்து "நான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அவதான் சுடறா," என்றாள் உஸ்தீன்யா. "தூக்கறது, இறக்கறது, குனியறது எல்லாம் நான். அவ முதுகுக்கு ஒரு ஆள் வேணும். காட்டுல கெளை வெட்ட நான் இல்லேன்னா மரம் ஒண்ணும் அழாது."

மேஸ்திரி தாடியைச் சொறிந்தார். முடிவு சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போது இரண்டு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாளை காட்டுக்கு உஸ்தீன்யாவை எதிர்பார்க்கப் போவதில்லை என்கிற மாதிரி ஏதோ முனகினார். அது போதும்.

அவர்கள் இரண்டு பேரும் போனதும் அக்னியா கேட்டாள். "அந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டி?"

"உனக்குத் தெரியும்."

உஸ்தீன்யா அடுப்பிலிருந்து ரொட்டியை மரத்துடுப்பால் இழுத்தாள். அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். நன்றாக வெந்த சத்தம். "இருக்கு," என்றாள். "எங்க போயிடும்? நீ என்னை ஒழுங்கா வெச்சிருந்தா அதுவும் ஒழுங்கா இருக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கூடத்தின் வாசலில் காலையில் கடந்து போனவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். உள்ளேயே படுத்தெழும் அக்னியாவும் வெளியே வந்துவிடுவாள். இரண்டு பெண்கள் விடியற்காலைக் குளிரில் படியில் எதிரெதிராக நின்று, கோட்டைக் கழற்றி, சால்வையைக் கழற்றி, பூட்ஸைக் கவிழ்த்து, ஒருத்தி உதறுவதை மற்றவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நடுங்கிக்கொண்டு நின்றாலும் முதலில் உள்ளே போக இரண்டு பேரும் சம்மதிக்க மாட்டார்கள். கடைசியில் கதவை ஒன்றாகத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள். ரொட்டி மட்டும் நன்றாக இருந்தது என்று கோஷ்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நிக்கோன்கூட.